பிடிக்குத் தோள் கொடுக்கும் தசை

ஒரு பேனாவைக் கைக்குள் இறுக்கிப் பிடியுங்கள். அப்படியே மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முடிந்தவரை மடக்குங்கள். பிடி தளர்ந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் பேனாவை எளிதாக உருவிக்கொள்ளலாம்.

விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உட்பக்கம் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குப் போகின்றன. அதனால் விரலோடு மணிக்கட்டையும் சேர்த்தே மடக்கப் பார்க்கும். மணிக்கட்டு மடங்கிவிட்டால் தசையின் சுருக்கம் அங்கேயே செலவாகி, விரலை இறுக்க வலு மிஞ்சாது. மணிக்கட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த எதிர்ப்பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த வேலையில் முக்கியமானது எக்ஸ்டென்சார் கார்ப்பை ரேடியாலிஸ் பிரெவிஸ். பெயர்தான் வாயில் நுழையாது.

முழங்கையின் வெளிப்புறத்தைத் தடவினால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். பிரெவிஸ் கிளம்புவது அங்கே. நடுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் அடியில், புறங்கைப் பக்கமாகப் போய் ஒட்டுகிறது. அதன் அண்ணன் லாங்கஸ் சற்று மேலிருந்து புறப்பட்டு ஆள்காட்டி விரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பில் முடிகிறது. அதனால் லாங்கஸ் இழுத்தால் கை கட்டைவிரல் பக்கம் சாயும். பிரெவிஸ் கையின் நடுவே பிடித்திருப்பதால் ஏறக்குறைய நேராகத் தூக்கும்.

துணி பிழிந்தாலும் ஸ்குரூ முடுக்கினாலும் இழுவிசை போய்ச் சேருவது அந்த மேட்டில்தான். அங்கே நாண் நைந்து வலிப்பதைத்தான் 'டென்னிஸ் எல்போ' என்கிறார்கள். சச்சின் டெண்டுல்கர் இதற்காக 2005இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்கமாட்டார்கள். 1873இல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோதும் பேச்சு எழுதுகிறவர்களின் கையைப் பற்றித்தான். டென்னிஸின் பெயர் பத்தாண்டு கழித்தே ஒட்டிக்கொண்டது.

இந்தத் தசைகளுக்கு உத்தரவு கொண்டுவருவது ரேடியல் நரம்பு. அது மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு வருவதால், எலும்பு நடுவில் முறிந்தால் நரம்பும் அடிபடலாம். மணிக்கட்டு தொங்கிவிடும். விரலை மடக்கும் தசைகளுக்கு வேறு நரம்புகள். அவற்றுக்கு ஒரு குறையும் இராது. இருந்தும் பிடி இருக்காது. மணிக்கட்டை நிமிர்த்தி ஒரு தாங்கி கட்டினாலே பிடி ஓரளவு திரும்பும். நரம்பு தேறாதபோது, முன்கையைத் திருப்பும் புரோனேட்டர் டெரெஸ் தசையின் நாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்கும் நாணோடு தைப்பார்கள். அதற்கு அறுவை மருத்துவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது லாங்கஸை அல்ல, பிரெவிஸை: கை ஒரு பக்கம் சாயாமல் நேராக எழும்ப வேண்டுமே!