எவரும் வாங்காத பிளாஸ்டிக்கில் எழும்பும் சுவர்கள்

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் இரை தேடி வந்த இரு யானைகள் 2022 ஜனவரியில் இறந்து கிடந்தமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றின் வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளும் சமிபாடடையாது கிடந்தன. அதற்கு முந்திய 8 ஆண்டுகளில் அங்கு சுமார் 20 யானைகள் மாண்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. வெற்றுப் போத்தல்களை நிறைக்கு வாங்கிச் செல்வோர் எமது ஊர்களில் உள்ளனர். ஆனால் கடைப் பைகளை வாங்குவோர் அரிது. குப்பைமேட்டில் சேர்வதும் மிருகங்களின் வயிற்றை அடைவதும் இவ்வாறு விலைபோகாத பிளாஸ்டிக்தான்.

இப்பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை கிடைக்கச் செய்ய முடியுமா என்ற வினாவுக்கு மேற்கு ஆபிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில் ஒரு விடை தேடப்பட்டுள்ளது. அந்நாட்டின் அபிஜான் நகரில் மாத்திரம் நாளொன்றுக்கு 280 தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் கழிவு சேர்வதாகவும், அதில் 5 சதவீதமளவே மீள்சுழற்சி செய்யப்படுவதாகவும் யுனிசெப் 2019இல் தெரிவித்தது. அக்கழிவைப் பொறுக்கி விற்போரில் பெரும்பாலானோர் வறிய பெண்கள். மறுபுறம், வகுப்பறைப் பற்றாக்குறையால் பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்து கற்கின்றனர். கொலம்பிய நாட்டு நிறுவனமான கொன்செப்டோஸ் பிளாஸ்டிகோஸுடன் யுனிசெப் கைகோத்து, பெண்கள் சேகரிக்கும் பிளாஸ்டிக்கைக் கற்களாக வார்த்து வகுப்பறைகளை அமைக்கத் தொடங்கியது. ஒன்றுடனொன்று பொருந்தி நிற்கும் இக்கற்களை அடுக்குவதற்குச் சீமெந்துச் சாந்து தேவையில்லை. வழமையான கற்களைவிட இவற்றின் செலவு 40 சதவீதமும் நிறை 20 சதவீதமும் குறைவென யுனிசெப் கூறியது. ஒரு வகுப்பறைக்குச் சுமார் 5 தொன் பிளாஸ்டிக் தேவைப்படுகின்றது.

கென்யாவின் நைரோபி நகரில் இம்முறை வேறொரு வடிவம் பெற்றது. அங்கு நசாம்பி மாட்டி என்ற இளம் பெண் பொறியியலாளர், பிளாஸ்டிக்கை மணலுடன் சேர்த்துச் சூடாக்கி அழுத்தித் தரைக்கற்களை உருவாக்கினார். அதற்கான இயந்திரங்களையும் அவரே வடிவமைத்தார். இம்முயற்சிக்காக ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2020இல் அவருக்கு விருது வழங்கியது.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பிளாஸ்டிக்கும் கல்லாகாது. கடைப் பைகளிலுள்ள பொலியெதிலீன் 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் உருகும். பொலிபுரொப்பிலீன் உருகுவதற்குச் சுமார் 160 பாகை தேவை. தண்ணீர்ப் போத்தலோ 250 பாகையைத் தாண்டினாலன்றி உருகாது. ஆகவே கலவையில் போத்தல் சேர்ந்தால் அது கல்லினுள் கட்டியாகத் தங்கி அதனைப் பலவீனப்படுத்தும். அதன் மூடி மாத்திரம் உதவும்! பி.வி.சி. குழாய்த் துண்டுகள் கலந்து அதிகம் சூடேறினால், நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் குளோரைட் வாயு வெளியேறித் தொழிலாளரின் சுவாசத்தைப் பாதிக்கும். சோறும் கறியும் ஒட்டிய பையும் பயன்படாது. ஆக, இத்தொழிலின் பெரும் பகுதி உலையில் அல்ல, வீட்டு முற்றத்தில் தரம்பிரிக்கப்படுவதிலேயே தங்கியுள்ளது.

தீயைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. ஒரு கிலோ பொலியெதிலீன் எரியும்போது ஏறத்தாழ ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்கு நிகரான வெப்பம் வெளியாகும். யுனிசெப் வகுப்பறைகளின் கற்கள் தீயைத் தாமதப்படுத்தும் தன்மையுடையவை எனக் கூறப்படுகின்றது. குடிசைக் கைத்தொழிலாக வார்க்கப்படும் கற்களுக்கு அத்தகைய உத்தரவாதமில்லை. விறகடுப்பு எரியும் வீட்டுக்கு அவற்றால் சுவரெழுப்புவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம். தொடர்ந்து பாரம் ஏற்றப்பட்டால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும் என்பதால் மாடிக் கட்டடங்களுக்கும் இது உகந்ததன்று. நடைபாதை, சந்தைத் தரை, மதில் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. வெயிலில் தேய்ந்து நுண்துகள்களாக உதிராதிருக்கின்றதா என்பதும் அங்கு கண்காணிக்கப்பட வேண்டும்.

எமது உள்ளூராட்சி மன்றங்கள் உலையும் அச்சும் வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய காரியமொன்றுண்டு. கோயில் திருவிழாக்களிலும் பள்ளிவாசல் கந்தூரிகளிலும் வாரச் சந்தைகளிலும் சேரும் பைகளை, உணவுக் கழிவுடன் கலக்கவிடாது வேறாகப் பெற்று, கழுவி உலர்த்திய பைகளுக்குக் கிலோவுக்கு ஒரு விலையை அறிவிக்கலாம். போத்தல் பொறுக்குவோர் அந்த விலைக்காகப் பையையும் குனிந்து எடுக்கின்றார்களா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். அவர்கள் எடுக்கவில்லையென்றால், வாங்கிய உலைக்கு இடுவதற்கு எதுவும் இராது.