வண்டலூர் முதல் வேடந்தாங்கல் வரை: விலங்குகளின் நேரத்துக்கு ஒரு சென்னைப் பயணம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சென்னைக்கு வரும் பல குடும்பங்களின் திட்டம் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் கோயில், பிறகு தி.நகரில் துணிமணி, மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டலூர் ஜூ. இந்த வரிசையில் போனால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நிழலில் படுத்திருக்கும் புலியின் முதுகு மட்டும்தான். தி.நகர் கடைகள் இரவு வரை திறந்திருக்கும். புலிக்கு அப்படியில்லை.

சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றை இரவில் பின்கட்டு அறைகளில் அடைத்துவைத்துக் காலையில் திறந்துவிடுவார்கள். வெளியே வந்த புலி தன் இடத்தை ஒருமுறை சுற்றிவரும், மரத்தடியில் சிறுநீரைப் பீய்ச்சி எல்லையைப் புதுப்பிக்கும், தண்ணீரில் இறங்கும். வெயில் ஏறியதும் படுத்துவிடும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூட ஓய்வில் கழிக்கும் விலங்கு. மாலையில் இரை வரும் நேரம் நெருங்கும்போதுதான் மீண்டும் நடமாட்டம் தொடங்கும். இந்திய விலங்குக்காட்சி சாலைகளில் இறைச்சி தின்னும் விலங்குகளை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் வழக்கம். காட்டில் தினமும் வேட்டை கிடைப்பதில்லை, அந்த உடலுக்கு இடைவெளி பழகியது என்பதுதான் காரணம்.

ஆகவே, காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். தென்மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது முன்பைவிட எளிது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். காணும் பொங்கலன்று அங்கே கூடும் கூட்டத்தில் மனிதத் தலைகளைத் தவிர வேறு எதையும் பார்ப்பது கடினம். அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

சென்னையின் விலங்குக்காட்சி சாலைக்கு வயது அதிகம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் அங்கேயே அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இடம் நெருக்கடியாகி, 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர். இங்கே பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே பெரும்பாலும் கம்பி இல்லை, அகழிதான் இருக்கிறது. உள்ளே புதரும் மரமும் உண்டு. "ஒண்ணுமே தெரியல, பணம் வீண்" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். விலங்குக்கு ஒளிந்துகொள்ள இடம் இருப்பது நல்ல அடைப்பின் முதல் இலக்கணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனிதக் கண்களில் படும்படி வளர்க்கப்படும் விலங்கு நிம்மதியாக இருக்காது.

இவ்வளவு பெரிய இடத்தைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முழுவதும் நடந்து பார்க்க முடியாது. பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வரலாம். ஆனால் அதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. அதன் பிறகுதான் எந்தக் குரங்கு எதன் குட்டி, எது யாருக்குப் பேன் பார்க்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

தேர்வு என்றதும் எல்லோரும் தேடுவது வெள்ளைப் புலியை. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. நம் வங்கப் புலிதான். ஒரு மரபணு மாற்றத்தால் நிறம் வெளுத்துப் பிறக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். 1951-இல் ரேவா மன்னர் பிடித்து வளர்த்த மோகன் என்ற ஆண் குட்டியின் வழிவந்தவையே இன்று உலகக் காட்சி சாலைகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நிறத்தைக் காப்பாற்றுவதற்காக நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேர்த்ததால் மாறுகண் முதலிய குறைகளும் கூடவே வந்தன. அந்தக் கூட்டத்திலிருந்து விலகிச் சோலைமந்தி இருக்கும் பக்கம் போங்கள். கறுத்த உடலும் முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியும் கொண்ட இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதன் முன்னால் பெரும்பாலும் கூட்டம் இருப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

விலங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதும், கல் எறிவதும், கத்திச் சீண்டுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறைவரை போகும். இதில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் ஒழுங்கு. அப்பா கல் எடுத்தால்தான் மகனும் எடுப்பான்.

கல்லடி அதிகம் வாங்குவது முதலைதான், அசையாமல் கிடப்பதால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடி இந்திய ஆறுகளில் முதலைகள் அருகிப்போயிருந்த காலம் அது. நம் நாட்டின் மூன்று வகைகளான சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்ட மூஞ்சிக் கரியால் ஆகிய மூன்றையும் அங்கே பார்க்கலாம். முதலையின் உடலுக்கு வெப்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் கிடப்பது அதற்காக. சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து வைத்துத் தணித்துக்கொள்ளும். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதைக்கூட முட்டை புதைந்திருக்கும் மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அசையாத முதலையைப் பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் அரசு மருத்துவமனையில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டவர்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். நஞ்செடுப்பதைக் காட்டும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பண்ணைக்குப் போகும் நாளின் உச்சி வெயிலுக்கு ஏற்றது அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த விஜிபி மரைன் கிங்டம். முழுக்கக் குளிரூட்டிய இடம். கட்டணம் வண்டலூரைவிட அதிகம். தண்ணீருக்குள் செல்லும் சுரங்கப் பாதையில் கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் மெல்லிய அதிர்வையும் உணரும் உறுப்பு. பெரும்பாலான மீன்களுக்கு இமையும் இல்லை. கேமராவின் ஃபிளாஷ் அடித்தால் மூடிக்கொள்ள வழி கிடையாது.

நகரத்துக்குள்ளேயே முடிக்க வேண்டியவர்களுக்குக் கிண்டி இருக்கிறது. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அடுத்தடுத்து உள்ளன. அதையொட்டிய தேசியப் பூங்காவின் பரப்பு 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளும் வெளிமான்கள் வாழ்கின்றன.

கூண்டே இல்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேடந்தாங்கல். ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கோடை விடுமுறையில் போனால் வெறும் மரங்கள்தான். அரையாண்டு விடுமுறையோ பொங்கலோ பொருத்தம். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் தங்காது. கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், விடியற்காலையில் போய்ச் சேரும்படி புறப்படுங்கள்.