ஊட்டிப் பனியில் ஏறு, சென்னைக் கடலில் இறங்கு!

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்றா? வாருங்கள், ஒரு ரயில் பயணம் போய் வருவோம். இந்தப் பயணத்துக்கு டிக்கெட் தேவையில்லை. ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் போதும். வழியில் இரண்டு கணக்குகள் வரும்!

நாம் புறப்படும் இடம், மலை மேல் இருக்கும் உதகமண்டலம். ஊட்டி என்றால் உடனே தெரிந்துவிடும். போய்ச் சேரும் இடம், கடலோரம் இருக்கும் சென்னை. நடுவில் எங்கள் திருப்பூரும் வரும். திருப்பூர் என்றதும் எல்லோரும் பனியன் என்பார்கள். ஆனால், அவிநாசி சாலையில் இருக்கும் எங்கள் அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பெயர் போனது. குடம், குண்டா, போசி, அண்டா என்று பித்தளையிலும் செம்பிலும் எவர்சில்வரிலும் இங்கே பாத்திரங்கள் செய்கிறார்கள். இந்தப் பாத்திரங்களும் நம் பயணத்தில் இரண்டு இடங்களில் துணைக்கு வரும்.

புல்லின் மேல் வெள்ளைப் பூச்சு!

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் அதிகாலையில் எழுந்து பார்த்தால், புல்வெளி முழுவதும் யாரோ சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். இதற்கு உறைபனி என்று பெயர். இது வானத்திலிருந்து கொட்டிய பனி என்று நினைத்துவிடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த புல்லின் மேல் படிந்து, அங்கேயே உறைந்துவிடுகிறது.

மேகம் இல்லாத இரவுகளில்தான் உறைபனி அதிகம். மேகம் ஒரு போர்வை மாதிரி. போர்வை இல்லாவிட்டால் தரையின் சூடு வானத்தை நோக்கிப் போய்விடும். அப்போது தரையை ஒட்டிய இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி வரைகூட இறங்கும். தேயிலைக் கொழுந்து இந்தக் குளிர் தாங்காமல் கருகிவிடும்.

இப்போது முதல் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரே போனால், வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி இருப்பது ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில். அப்படியானால், கடலோரச் சென்னையைவிட ஊட்டி எத்தனை டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்? போட்டுப் பாருங்கள். விடை கடைசியில் இருக்கிறது.

குளிரோடு இன்னொரு வேடிக்கையும் அங்கே உண்டு. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் நம் ஊரில் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'சீக்கிரம் கொதித்தால் நல்லதுதானே?' என்கிறீர்களா? தண்ணீரின் சூடு குறைவு என்பதால் பருப்பு வேக நேரமாகும்! அனுப்பர்பாளையத்துக் குண்டாவை ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் பருப்பு வேகவைத்தால், இங்கே ஆவதைவிட நேரமாகும். குக்கர் என்றால் நீராவியை உள்ளேயே அடக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும். அதனால் மலையிலும் சீக்கிரம் வெந்துவிடும்.

ஏறுவது கடினமா? இறங்குவது கடினமா?

பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து மலை ரயில் கிளம்புகிறது. மேட்டுப்பாளையம் வரை 46 கிலோமீட்டர் தூரம். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள்! ஒவ்வொரு குகையிலும் 'ஓ...' என்று கத்தாத பிள்ளை உண்டா?

இந்தப் பாதையைப் போட வேண்டும் என்று முதலில் பேச்சு எழுந்தது 1854இல். வேலை தொடங்கியது 1891இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் ஓடியது. ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908இல். பேச்சு எழுந்ததிலிருந்து எண்ணினால் 54 ஆண்டுகள்! ஏன் இத்தனை காலம்? மலை அவ்வளவு செங்குத்து. சில இடங்களில் 12 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரயிலின் இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து பொறியாளர் ரோமன் ஆப்ட். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, பல் பல்லாக வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பதித்தார். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டே நகரும். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே அடுத்த சட்டத்தில் பள்ளம் இருக்கும். அதனால் எந்த நொடியிலும் பிடி விட்டுப்போகாது.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே பல் பல்லாக ஓர் இரும்புத் துண்டு இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? துணி வழுக்காமல் பிடித்து நகர்த்துவது அதுதான். மலை ரயிலின் பல்லும் அப்படித்தான், வழுக்க விடாது. இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து இழுத்தும் பார்க்கலாம். அசைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்! கல்லாறு முதல் குன்னூர் வரை மட்டும் இந்தப் பல் பாதை. குன்னூருக்கு மேலே சரிவு குறைவு என்பதால் அங்கே அது தேவையில்லை.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏறுவதுதானே கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏறும்போது எஞ்சினுக்கு நிறைய பலம் வேண்டும், உண்மைதான். ஆனால், பலம் போதாவிட்டால் ரயில் மெதுவாகும், நிற்கும். இறங்கும்போது எஞ்சின் இழுக்கவே வேண்டாம், ரயில் தானாகவே ஓடப் பார்க்கும். பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். பக்கத்திலேயே பள்ளத்தாக்கு! ஆகவே, இறங்குவதுதான் கவனம் கூடுதலாக வேண்டிய வேலை.

அதற்காக இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, பல் பாதையில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு, பெட்டிகளில் பிரேக் பிடிக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். சைகையைக் கவனித்து எல்லோரும் ஒன்றுபோல் பிரேக்கைப் பிடிப்பார்கள், தளர்த்துவார்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் சரிவராது.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிப் போயிருக்கும். பாறை உருளும், மரம் சாயும், மண் சரிந்து தண்டவாளத்தை மூடும். அந்த நாட்களில் மலை ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். ஆசையாக வந்த பிள்ளைகளுக்கு அழுகையே வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மழையிலும் குளிரிலும் பாதையை நடந்தே பார்த்து, 'இங்கே மண் சரிந்திருக்கிறது' என்று சொன்ன ஓர் ஊழியரால்தான் அந்த ரயில் நின்றது. பெட்டிக்குள் பிரேக் பிடிப்பவரும், பாதையில் நடந்து பார்ப்பவரும் செய்வது ஒரே வேலைதான். ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதோடு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் தெரிந்ததால்தான் இந்த ரயில் நூறு வயதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கல்லாறு பக்கம் யானைகள் நடமாடும் காடு. ஜன்னல் வழியே பிஸ்கட் உறையையும் மீதிச் சோற்றையும் வீசாதீர்கள். காட்டு விலங்குகள் அந்த வாசனைக்குப் பழகிவிட்டால் தண்டவாளத்துக்கே வந்து நிற்கும்.

நீங்கள் தூங்கும்போது எங்கள் ஊர்!

மாலை ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம். காது அடைத்திருக்கும், எச்சிலை விழுங்குங்கள், சரியாகிவிடும். இங்கே ரயில் மாற வேண்டும். மலை ரயிலின் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 1 மீட்டர். சென்னை போகும் அகலப் பாதையில் 1.676 மீட்டர். அதனால் ஒரு பாதையின் பெட்டி இன்னொன்றில் ஓட முடியாது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடி என்று சமவெளியில் ஓட்டம்தான். திருப்பூரில் நிற்கும்போது நீங்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆனால், எங்கள் ஊரிலிருந்து ஏறுகிறவர்கள் அப்போதுதான் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் மேல் படுக்கையில் இருந்தாலும் செருப்பை வழியில் விடாதீர்கள்!

இரண்டாவது கணக்கு: மலை ரயில் 46 கிலோமீட்டரை இறங்க சுமார் மூன்றரை மணி நேரம் ஆகிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் சுமார் 530 கிலோமீட்டரை ஏறத்தாழ 9 மணி நேரத்தில் கடக்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மடங்கு வேகம்?

மங்கி குல்லா போட்ட சென்னை!

விடியற்காலையில் சென்னை சென்ட்ரல். இறங்கியதும் ஊட்டிப் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். பக்கத்திலேயே சென்னைக்காரர் ஒருவர் 'அப்பப்பா, என்ன குளிர்!' என்று மங்கி குல்லாவோடு நிற்பார்! மார்கழியில் சென்னையின் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊட்டிப் பிள்ளைக்கு அது வெயில், சென்னைக்காரருக்கு அதுவே நடுக்கம். குளிர் என்பது பழக்கத்தையும் பொறுத்தது, பார்த்தீர்களா?

சென்னையில் பார்க்க எவ்வளவோ உண்டு. மெரினாவில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பாருங்கள். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கான புதிய பெட்டிகள் அண்மையில் அங்கேதான் செய்யப்பட்டன. மலையில் ஓடும் பெட்டி கடலோரத்தில் பிறந்திருக்கிறது!

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை மட்டும் தவற விடாதீர்கள். 1851இல் தொடங்கியது. அங்கே உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பொறுமையாகப் பாருங்கள். செம்போடு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்த்தால் பித்தளை. அந்தச் சிலைக்கும் அனுப்பர்பாளையத்துக் குடத்துக்கும் செம்புதான் தாய்!

அடுத்த முறை மலை ரயிலில் போனால், எல்லோரும் எஞ்சின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பிரேக் அருகே நிற்கும் மாமாவுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள். உங்களைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டவர் அவர்!

விடைகள்: 1) 2.2 × 6.5 = 14.3. அதாவது சுமார் 14 டிகிரி. 2) மலை ரயில் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர், நீலகிரி எக்ஸ்பிரஸ் சுமார் 59 கிலோமீட்டர். ஏறத்தாழ நாலரை மடங்கு!