பூசணியா... பிராதா?

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் பக்கம் போனால் உப்பளம். அந்த உப்பும் நாலு மிளகாயும் போதும், திருஷ்டி கழிக்க. நம்மைக் காக்கிற சமாச்சாரம், யாருக்கும் சேதமில்லை. (ரோட்டில் உடைக்கிற பூசணிக்காய் தவிர. பைக்கில் வழுக்கியவரைக் கேளுங்கள்!)

ஆனால் புரமோஷன் கைநழுவினதும், "அவனுக்கு எதாச்சும் வைக்கணும் சார்" என்று கிளம்புகிறோமே, அது வேறு. 'அவன்தான்' என்று எப்படித் தெரியும்? வெறும் சந்தேகம்தானே! சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை வதைப்பதைத் தடுக்கவே ஜார்க்கண்டில் 2001-ல் தனிச் சட்டம் வந்தது.

விருத்தாசலம் அருகே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் முறை தேவலாம். குறையைப் பேப்பரில் எழுதிப் பிராது கட்டலாம். தீர்ப்பு சாமி கையில். குறை தீர்ந்தால் திரும்பிப் போய்ப் பிராதை 'ராஜினாமா' செய்ய வேண்டும்.

கோபத்துக்கும் ஒரு முடிவு உண்டு! மந்திரவாதியிடம் அது கிடையாது சார்... ஃபீஸ் மட்டும்தான்.