சட்டைப் பைக்குள் ஒரு நூலகம்



தோட்டத்து வீடுகளில் புத்தகங்களைக் காப்பாற்றி வைப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. மழைக்காலம் வந்தால் ஈரம்; வெயில் காலம் வந்தால் கரையான். லயத்தை விட்டு வேறு இடத்திற்குக் குடிபோகும்போது சட்டி பானை வண்டியில் ஏறும், சாமி படம் ஏறும், தையல் இயந்திரம் ஏறும். இடம் போதாமல் கடைசியில் கழிக்கப்படுவது புத்தகப் பெட்டிதான்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில், பெற்றோர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துக் கொடுத்த கதைப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஒருமுறை நீண்ட விடுமுறை முடிந்து கதவைத் திறந்து பார்த்தால், அட்டைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன, உள்ளே மண். அன்று நாம் கூட்டி அள்ளியதை இன்றும் மறக்க முடியவில்லை. அந்தப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த ஒரு மாணவியிடம், "வீட்டில் படிக்க என்ன இருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். "நாள்காட்டி இருக்கிறது, சார்" என்றாள். பாடநூலை விட்டால் அந்த வீட்டில் இருந்த தமிழ் எழுத்து அவ்வளவுதான்.

ஆனால் அதே வீட்டில், மேசை இழுப்பறையில், யாரும் பயன்படுத்தாத பழைய கைப்பேசி ஒன்று கிடந்தது. அந்தக் கைப்பேசியை எப்படி ஒரு நூலகமாக்குவது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், கையடக்கமான கருவியில் புத்தகம் படிக்கும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர் 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டெழுதி வைத்தார். குட்டன்பர்க் திட்டம் என்னும் மின்னூல் திட்டம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அக்காலக் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சட்டைப் பையில் போட முடியுமா?

2005ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 'நோக்கியா 770' என்ற ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'இணையப் பலகை' என்று பெயர். அதன் திரை 4.1 அங்குலம், எடை ஏறத்தாழ 230 கிராம். அதில் ஒரு விந்தை உண்டு. கைப்பேசிக்குப் பேர்போன நிறுவனம் செய்த கருவியாக இருந்தும், அதில் தொலைபேசி கிடையாது! சிம் அட்டை போட இடமே இல்லை. வைஃபை கிடைக்கும் இடத்தில் இணையத்தைப் பார்க்கலாம். கிடைக்காத இடத்தில், முன்பே இறக்கி வைத்ததைப் படிக்கலாம். 'எஃப்பிரீடர்' என்னும் இலவச வாசிப்புச் செயலியை அதில் போட்டு, திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் புத்தகம் போலப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்திப் பக்கம் புரட்டிப் படித்தார்கள். அந்தக் கருவியின் விற்பனை எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் அது நமக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது. சிம் அட்டை இல்லாத பழைய கைப்பேசி குப்பை அன்று. அதுவும் ஓர் இணையப் பலகைதான்!

இனி, தமிழ் எழுத்து அந்தச் சின்னத் திரைக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்று பார்ப்போம். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்குப் பதிலாக எண்ணைக் கூப்பிட்டால் அதற்குரியவர் முன்வந்து நிற்பதில்லையா? அதுபோல ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் 'அ' என்பதற்கு 2949. 'க' என்பதற்கு 2965. 'கி' என்று எழுத வேண்டுமானால், 2965ஐயும் அதன் மேல் வளைந்து நிற்கும் கொக்கிக்குரிய 3007ஐயும் அடுத்தடுத்து வைக்கவேண்டும். கருவி இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்தாக வரைந்துவிடும்.

இந்தப் பொது முறை பரவுவதற்கு முன், ஒவ்வொருவரும் தத்தமக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் கணினியில் பொருளற்ற கிறுக்கலாகத் தெரியும். இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் நம் பக்கத்து மனிதர்கள் முன்வரிசையில் நின்றார்கள் என்பது நாம் பெருமைப்படவேண்டிய செய்தி. சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் வெற்றி கண்டார். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளைப் படைத்தார். 2005ஆம் ஆண்டில் 'செல்லினம்' வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார். இன்று நம் கையில் தமிழ் தெரிகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

ஆகவே, பழைய கைப்பேசியை எடுத்தவுடன் முதலில் செய்யவேண்டிய சோதனை இதுதான்: இணையத்தில் ஏதேனும் ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தால் கருவி நமக்கு உதவும். கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ, கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளை வரையத் தெரியவில்லை என்று பொருள்.

அடுத்து முக்கியமான விஷயம். மின்னூல்களில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று 'பிடிஎஃப்', மற்றொன்று 'இபப்'. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர், "கைப்பேசியில் படித்தால் கண் வலிக்கிறது" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

பிடிஎஃப் என்பது, அச்சை மாவில் தோய்த்துச் சுட்ட அச்சுமுறுக்கைப் போன்றது. அதன் வடிவம் மாறாது. பெரிய தாளுக்காக அமைத்த பக்கத்தைச் சின்னத் திரையில் பார்த்தால் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கவேண்டும். இபப் அப்படியன்று. அது குடத்து நீரைப் போன்றது. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்தப் பாத்திரத்தின் வடிவம் கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பக்கங்கள் கூடும், ஆனால் திரையைத் தள்ளவேண்டிய வேலை இல்லை. எனவே சிறிய திரைக்கு இபப் வகையே ஏற்றது. பழைய நூலைப் படம்பிடித்த பிடிஎஃப்புக்கும் ஒரு பயன் உண்டு. அது படமாதலால், தமிழ் எழுத்து தெரியாத கருவியிலும் தமிழாகவே தோன்றும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 1,500 எழுத்துக் குறிகள் என்று வைத்துக்கொண்டால், 200 பக்க நூலில் 3 லட்சம் குறிகள். யூனிகோடு தமிழ்க் குறி ஒன்றைச் சேமிக்க வழக்கமாக 3 பைட் ஆகும். ஆக 9 லட்சம் பைட். அதாவது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. இபப் அதையும் சுருக்கிக் கட்டி வைப்பதால் அளவு இன்னும் குறையும். அதே நூலைப் படம்பிடித்தால், பக்கத்திற்கு 100 கிலோபைட் என்று கொண்டாலும் 20 மெகாபைட் ஆகிவிடும். 32 கிகாபைட் நினைவு அட்டை ஒன்றில், நூலுக்கு ஒரு மெகாபைட் வீதம் ஏறத்தாழ 32,000 நூல்கள் அடங்கும். வாரத்திற்கு ஒரு புத்தகம் படித்தாலும் முடிக்க 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! விரல் நகத்தளவு அட்டைக்குள் இத்தனையும் அடங்குகின்றன.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இதில் முன்னோடி. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் என்பவரின் முயற்சியில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிச் சரிபார்த்து வளர்த்த திட்டம் அது. சங்க நூல்கள், திருக்குறள், பாரதியார் பாடல்கள், ஐந்து பாகமாக விரியும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆகிய யாவும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளம் உண்டு. இக்கால எழுத்தாளர்கள் தாமே மனமுவந்து அளித்த நூல்களைப் 'ஃபிரீ தமிழ் ஈபுக்ஸ்' என்ற தளம் இபப் வடிவிலும் தருகிறது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றை, 2015ஆம் ஆண்டில் நிறைவேறிய மின்மரபுத் திட்டத்தின் வழி அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுச் சட்டப்படி, எழுத்தாளர் காலமாகி 50 ஆண்டுகள் வரை அவர் எழுத்தின் உரிமை அவரது குடும்பத்தாருக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் புத்தம்புது நூலின் திருட்டுப் பிரதியை வாங்கிப் படிப்பது, அடுத்தவர் நிரையில் புகுந்து பால் எடுப்பதற்குச் சமம். உழைத்தவருக்குக் கூலி சேரவேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

இனி, செய்யும் முறை. பழைய கைப்பேசியில் தேவையில்லாத படங்களையும் விளையாட்டுகளையும் நீக்குங்கள். எஃப்பிரீடர் போன்ற ஒரு வாசிப்புச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்திற்குள் இணைப்பு சரியாகக் கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம். சம்பளம் வாங்கிப் பட்டணத்திற்குப் போகும் நாளில், வைஃபை உள்ள இடத்தில் பத்து நூல்களை இறக்கிக்கொண்டால் போதும். அதன்பின் இணையம் தேவையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் 'விமான நிலை' என்னும் பொத்தானை அழுத்திவிடுங்கள். விளம்பரம் வராது, விளையாட்டு அழைக்காது, மின்கலமும் நீண்ட நேரம் தாங்கும். "பிள்ளை கையில் கைப்பேசியைக் கொடுத்தால் கெட்டுப்போகுமே" என்று அஞ்சும் தாய்மார்களுக்கு இந்தப் பொத்தான் நல்ல துணை.

மின்கலம் உப்பியிருந்தால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றவும் கூடாது. படிக்கும்போது இருபது நிமிடத்திற்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடி தூரத்திலுள்ள மரத்தையோ கூரையையோ இருபது விநாடி பாருங்கள். இருட்டு அறையில் திரை ஒளியை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். விடியற்காலையில் வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள், படுக்கப் போகும் நேரத்தில் திரையை மூடிவிடுவது தூக்கத்திற்கு நல்லது.

நாம் செய்த தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இரண்டாண்டுகளாகச் சேர்த்த நூல்கள் அனைத்தையும் ஒரே அட்டையில் வைத்திருந்தோம். ஒருநாள் அந்த அட்டை பழுதாகி எல்லாம் போயிற்று. கரையானுக்குத் தப்பியவை நம் கவனக்குறைவுக்குத் தப்பவில்லை. ஆகவே எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள். அண்டை வீட்டுக் கைப்பேசியில் ஒரு படி இருக்கட்டும். அவர்களுக்கும் அது பயன்படும்.

பிள்ளைகளுக்காகச் சொல்லிக்கொண்டு வந்தோம், பெரியவர்களை மறந்துவிடவில்லை. நாம் அறிந்த ஓய்வுபெற்ற மரம் வெட்டுத் தொழிலாளி ஒருவர், ஒரு காலத்தில் பத்திரிகையை வரி விடாமல் படித்தவர். பார்வை மங்கியதால் பல ஆண்டுகளாகப் படிப்பதை விட்டுவிட்டார். அவருடைய பேத்தி கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, திரைக்கு நாலே வரி வருமாறு வைத்துக் கொடுத்தாள். முதல் நாள் இரண்டு பக்கம் படித்தார். அடுத்த நாள் மாலை நாம் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து, "வாங்க சார், கொஞ்சம் பொறுங்க, இந்த அத்தியாயத்தை முடிச்சிடுறேன்" என்றார். நாம் பொறுத்திருந்தோம். பேத்தியோ அவர் தோள்மேல் சாய்ந்துகொண்டு, அவருக்கு முன்னால் வரியைப் படித்து முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள்காட்டி என்று நமக்குப் பதில் சொன்ன அதே சிறுமிதான் அவள்.

எழுத்தே அறியாத முதியவர்கள் இருந்தால், பல கைப்பேசிகளில் தமிழை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் பிள்ளைகள் படித்துக்காட்டுவது அதைவிடச் சிறந்தது. கேட்பவருக்கும் நிறைவு, படிப்பவருக்கும் பயிற்சி.

அச்சுப் புத்தகத்தை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பாலர்க்குப் படப் புத்தகம் கையில் இருக்கவேண்டும். அடிக்கோடிட்டுப் படிக்கும் தேர்வு மாணவர்க்குத் தாள் வேண்டும். ஆனால் வாங்க வசதியில்லாத வீட்டிலும், வாங்கினால் வைக்க இடமில்லாத வீட்டிலும், படிக்க ஒன்றுமே இல்லை என்ற நிலை இனி வேண்டியதில்லை.

இன்று இரவு பசியாறியபின் இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய கைப்பேசியைத் தேடி எடுங்கள். துடைத்து, மின்னேற்றி வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் ஒரே ஒரு கதைப் புத்தகமாவது இருக்கட்டும்.