விமானித் தேர்வும் வாய்திறக்கும் துணிவும்

இறக்குவானைத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த இளைஞன் ஒருவன், பறப்புப் பயிற்சியை முடித்து உரிமமும் பெற்று, குறுந்தூர விமான நிறுவனமொன்றின் தேர்வுக்கு அழைக்கப்படுகிறான் எனக் கொள்வோம். அவன் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும்?

இலங்கையின் தேசிய விமான சேவை, 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்ற பயணத்துடன் தொடங்கிற்று. இத்தகைய குறுந்தூரப் பயணங்களில் ஏறுதலும் இறங்குதலும் அடுத்தடுத்து வருவன. ஆதலின் விரைந்த மனக்கணக்கு விமானிக்கு இன்றியமையாதது. ஆயிரம் அடி இறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று கடல் மைல் வேண்டும். 10,000 அடி இறங்க 30 கடல் மைல். இத்தகைய கணக்குகள் நாவின் நுனியில் நிற்றல் வேண்டும்.

அடுத்தது சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பறப்புப் பொறி. 1920களின் இறுதியில் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தந்தையாரின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையிற் கற்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டு இத்தகைய பொறியொன்றை அமைத்தார். 1934இல் அஞ்சல் சுமந்து பறந்த அமெரிக்கப் படை விமானிகள் பலர் கொடிய வானிலையில் மாண்ட பின்னரே அதன் அருமை உணரப்பட்டது.

தேர்வில், தானியங்கியை நிறுத்திவிட்டு மானிகளை மட்டும் நோக்கிப் பறக்கச் சொல்வர். மேலெழுந்தவுடன் ஓர் எஞ்சின் நின்றுவிட்டதாகவும் காட்டுவர். அவ்வேளை பின்பற்ற வேண்டிய வரிசை ஒன்றுண்டு: முதலில் விமானத்தை நிலையாகப் பறக்கச் செய்தல், பின்பு செல்லும் வழியைத் தெளிதல், அதன் பின்னரே வானொலியிற் பேசுதல். இதற்கான ஒத்திகைக்குப் பணம் வேண்டியதில்லை. விமானி அறையின் படமொன்றைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்லிக் கையால் தொட்டுப் பழகலாம். லயத்து அறையிலும் இது இயலும்.

பொறியினுள் உயரம் சிறிது பிசகுவது பெருங்குற்றமன்று. பிசகியதைக் கண்டும் கூறாமல், திருத்தாமல் விடுவதே குற்றமாகக் கொள்ளப்படும்.

நேர்முகத் தேர்விலோ, “தலைமை விமானி தவறிழைத்தால் என்ன செய்வீர்?” என்ற வினா எழும். 1977 மார்ச் 27இல் தெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரு பெரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். ஓடுபாதையில் மற்றைய விமானம் இன்னும் நிற்கிறதோ என்று பறப்புப் பொறியாளர் ஐயுற்று வினவினார். தலைமை விமானி அதனை ஏற்கவில்லை. அதன் பின் எவரும் அவரைத் தடுக்கவுமில்லை.

துரைக்கும் கங்காணிக்கும் எதிர்ப்பேச்சுப் பேசலாகாதென்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய தோட்டத்திலிருந்து வருபவனுக்கு, அனைத்தினும் கடினமான பாடம் இதுவே. மேலோரை மதித்தல் வேறு, வாய்மூடியிருத்தல் வேறு. பணிவான குரலில், “ஐயா, உயரம் குறைகிறது” என்று கூறுதல். செவிகொடாராயின் மீண்டும் உரக்கக் கூறுதல் — தேர்வாளர் அவனிடம் எதிர்பார்ப்பது அத்துணிவையே.