செலவில்லாத பனிக்காலம்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "விடுமுறைக்கு எங்கே போகப் போகிறாய்?" ஒருத்தி உதகை என்பாள். இன்னொருத்தி பெங்களூர்ப் பேரங்காடி என்பாள். சென்ற ஆண்டு அக்கேள்வி என்னிடம் வந்தபோது, "எங்கேயும் இல்லை, ஊரில்தான்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்கென்று ஒரு பயணம் போகலாம் என்பதே எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகு தெரிந்த செய்தி.

ஆனால் அன்று நான் தலை குனிந்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரான தளியின் பனிக்காலத்தில் கையில் காசில்லாதவர்களும் துய்க்கக்கூடிய இன்பங்கள் சில உண்டு. அவற்றை என் தோழியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லவும், நான் பயிலும் இயற்பியலைக் கொண்டு இயன்றவரை விளக்கவும், அவை உண்மையிலேயே செலவில்லாதவைதாமா என்று பார்க்கவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஆறு பருவங்களாக ஆண்டைப் பகுத்த தமிழர், மார்கழி, தை ஆகிய இரு திங்களையும் முன்பனி என்றனர். வெள்ளையர் ஆட்சியில் எங்கள் ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கர்நாடக எல்லையில் இருக்கும் ஒரு சிற்றூருக்கு இப்பெயர் வரக் காரணம் அதன் உயரமே. கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தளி ஏறத்தாழ 1000 மீட்டர். 1000 மீட்டர் மேலே போனால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது பாடம். அக்கணக்குப்படி கிருஷ்ணகிரியைவிட எங்கள் ஊர் 3 பாகை குளிர்ந்திருக்க வேண்டும். காலைப் பேருந்தில் போர்த்திக்கொண்டு ஏறும் சால்வையைக் கல்லூரி வந்து சேர்வதற்குள் நான் மடித்துப் பையில் வைத்துவிடுவதற்கு இதுவே விளக்கம்.

பனிக்காலத்து இரவில் வானம் தெளிந்திருந்தால் பகலில் நிலம் பெற்ற வெப்பம் கதிர்வீச்சாக மேலே போய்விடும். மேகம் இருந்தால் அது கம்பளிபோல் அவ்வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அதனால்தான் விண்மீன்கள் மிகுந்த இரவு, குளிர் மிகுந்த இரவாகவும் இருக்கிறது. காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகிறது. மிஞ்சியது இலையில் பனித்துளியாகப் படியும். காற்றில் நுண்துளிகளாக மிதந்தால் மூடுபனி.

விடியற்காலையில் தளி ஏரிக்கரைக்கு வந்து பாருங்கள். தண்ணீர் கொதிப்பதுபோல் ஆவி பறக்கும். நிலம் விரைவில் குளிர்ந்துவிடும். நீர் மெதுவாகத்தான் குளிரும். ஆகவே ஏரி நீர் அதன் மேலுள்ள காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. அதிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த காற்றில் பட்டதும் புகைபோலத் தெரிகிறது. இதைக் காண நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்தால் போதும்.

அவரை மணக்கும் வீடு

எங்கள் பகுதியில் பனிக்காலம் வந்ததை நாட்காட்டி சொல்ல வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். ஓசூர்ச் சந்தையில் அவரைக்காய் மூட்டைகள் இறங்கும்போது தெருவே மணக்கும். "பனி பட்டால்தான் அவரைக்கு மணம்" என்பாள் எங்கள் அவ்வா. பாட்டியை இப்பக்கத்தில் அவ்வா என்றுதான் பலரும் அழைப்போம்.

அவ்வாவின் சொல்லில் பாதி அறிவியல் இருக்கிறது. நாட்டு அவரை, பகல் சுருங்கி இரவு நீளும்போது பூக்கும் இனம். ஆடியில் விதைத்தாலும் அது இரவின் நீளத்துக்காகக் காத்திருக்கும். அவரை பூக்கும் பனிப்பருவத்தைக் குறுந்தொகைப் புலவரும் பாடியிருக்கிறார் என்று தமிழ் வகுப்பில் கேட்டபோது, எங்கள் தோட்டத்து வேலியே பாடநூலுக்குள் வந்துவிட்டதாக மகிழ்ந்தேன். காயின் மணம், அதன் தோலிலுள்ள நுண்ணிய மயிர்கள் சுரக்கும் ஒருவகை எண்ணெய்ப் பசையிலிருந்து வருகிறது. காயை உரித்த கையைக் கழுவினாலும் மணம் போகாமலிருப்பது அதனால்தான். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை வகைகள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எப்பருவத்திலும் காய்க்கும். ஆயினும் மார்கழி அவரைக்கு ஈடில்லை என்பதே எங்கள் ஊரார் தீர்ப்பு.

முற்றிய அவரைக் கொட்டையை இரவு முழுதும் நீரில் ஊற வைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும். பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். இதுதான் பிதுக்கம் பருப்பு. கன்னடத்தில் இவ்வினையை 'ஹிதுகு' என்பார்கள். நம் பால் அவர்களுக்கு ஹாலு. நம் பல் அவர்களுக்கு ஹல்லு. நம் பிதுக்கு அவர்களுக்கு ஹிதுகு. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோர் உண்டு. மூன்று மொழிக்காரர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே பருப்பைப் பிதுக்கும் காட்சியை நான் எந்த மொழியியல் நூலிலும் கண்டதில்லை.

சுடச்சுடக் கேழ்வரகுக் களி. குழியில் பிதுக்கம் பருப்புக் குழம்பு. தானியங்களில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் நிறைவு பெறுகிறது. இதை எங்கள் அவ்வா படித்தறியவில்லை, உண்டறிந்தாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பறிப்பில் வரும் திரண்ட காய்கள் எங்கள் வீட்டில் வேகமாட்டா. அவை சந்தைக்குப் போகும். எங்களுக்கு வாய்ப்பவை பூச்சி கடித்தவையும் பருவம் தப்பியவையுமே. என் முதலாண்டுத் தேர்வுக் கட்டணம் அப்படிப் போன மூட்டைகளில் ஒன்றுதான். நாங்கள் நான்கு பேர் ஒரு மாலை முழுதும் பிதுக்கினால் குடும்பத்துக்கு ஒருவேளைக்கு ஆகும். தை முடியும்வரை அம்மாவின் கட்டைவிரல் நகங்கள் கறுத்தே இருக்கும்.

சாம்பலில் ஒரு சமையல்

அடுப்பில் சமையல் முடிந்தபின் தணல் மேல் சாம்பல் படர்ந்திருக்கும். அதற்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்து, கதை பேசி முடித்தபின் எடுத்தால், வெடித்த தோலின் வழியே பாகு வடிந்திருக்கும். அதே கிழங்கை நீரில் வேக வைத்தால் இத்தனை இனிப்பு வருவதில்லை. ஏன்?

கிழங்கில் அமைலேஸ் என்னும் நொதி உள்ளது. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வெப்பத்தில் அது மாவுப்பொருளை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. கொதிநீரில் இட்டால் கிழங்கு அந்த வெப்ப எல்லையை விரைவாகக் கடந்துவிடும், நொதியும் செயலிழந்துவிடும். சாம்பலோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். தணலின் சூட்டை அது சிறிது சிறிதாகத்தான் உள்ளே விடும். நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது, கிழங்கும் இனிக்கிறது. ஜப்பான் நாட்டில் குளிர்காலத் தெருக்களில் சூடான கற்களுக்கிடையே சுட்ட கிழங்கை 'யாகி இமோ' என்று வண்டிகளில் விற்பார்களாம். முறை அவர்களுடையதாயினும் தத்துவம் எங்கள் அடுப்புடையதே.

அம்மாவுடன் ஒரு நாள்

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதி வந்தது. அதற்கு முன் என் அம்மா ஓசூரைப் பார்த்தது மருத்துவமனைக்காகவும் திருமணத்துக்காகவும்தான். சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றைக் கட்டிக்கொண்டு இருவரும் காரணமே இல்லாமல் கிளம்பினோம்.

முதலில் ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைக்கோயில். மேலிருந்து பார்த்தால் ஒருபுறம் தொழிற்சாலைக் கூரைகள். மறுபுறம் பனி விலகாத வயல்கள். அண்ணன் வேலை செய்யும் இடம் எது என்று அம்மா கேட்டாள். நானும் ஒரு திசையைக் காட்டினேன். அந்தத் திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த எளிய வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. சுவரில் எழுதியிருந்தவற்றை நான் படிக்க, எழுத்தறியாத அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். இந்திய நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்று சொன்னதும், "இந்த வீட்லருந்தா போனாரு?" என்று கேட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கெலவரப்பள்ளி அணைக்கும் போகலாம் என்றேன். தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட அவ்வணையிலிருந்து நீர் திறக்கும்போது சில வேளைகளில் வெண்ணுரை மலைபோல் எழும். பெங்களூர்ப் பகுதிக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதன் விளைவு அது. தொலைவிலிருந்து பார்த்தால் மூடுபனி போலவே இருக்கும். "நம்ம ஏரியிலயே நல்ல பனி இருக்குதே" என்று அம்மா மறுத்துவிட்டாள்.

ஓர் இரவுக் காவல்

கேழ்வரகு முற்றும் பருவத்தில் ஆண்டுதோறும் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிக் காடுகளின் வழியாக வருகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இப்பகுதிக் காடுகளைச் சேர்ந்ததே. யானைகளுக்கு இது பழைய வழி. உழவர்களுக்கு இது ஆண்டு முழுதும் பாடுபட்ட பயிர். ஆகவே ஊரார் முறை வைத்துப் பரண்மேல் காவல் இருப்பார்கள். இருதரப்பிலும் உயிர்கள் போனதுண்டு.

வழக்கமாக அப்பாவுடன் அண்ணன் போவான். அன்று அவனுக்கு இரவுப் பணி. "நான் வருகிறேன்" என்றேன். அப்பா முதலில் இசையவில்லை. பிறகு, "பரணை விட்டு எறங்கக் கூடாது" என்ற கட்டளையோடு சம்மதித்தார். தினைப்புனம் காத்த குறிஞ்சித் தலைவியை நினைத்துக்கொண்டு ஏறினேன். கீழே நெருப்பு, அதன் சாம்பலில் கிழங்கு, மேலே எண்ணற்ற விண்மீன்கள். அன்றைய குளிரை நான் மறக்கமாட்டேன். உதகைக்குப் போன தோழியை எண்ணிச் சற்று இரங்கவும் செய்தேன்.

நள்ளிரவுக்குப் பின் மூங்கில் முறியும் ஓசை கேட்டது. எல்லோரும் கூவினர்; தகரத்தைத் தட்டினர்; வெடி போட்டனர். கருநிழல்கள் எங்கள் வரப்பு வரை வந்து திரும்பின. "நம் வயல் தப்பியது" என்று நான் கைகொட்டினேன். அப்பா கைகொட்டவில்லை. விடிந்தபின்தான் காரணம் தெரிந்தது. திரும்பிய கூட்டம், நான் சித்தப்பா என்று அழைக்கும் பக்கத்து வயல்காரரின் கேழ்வரகில் இறங்கியிருந்தது. பாதி வயல் மிதிபட்டுக் கிடந்தது.

அவர் வந்து எங்கள் நெருப்பருகே அமர்ந்தார். அப்பா சாம்பலைக் கிளறி, நன்றாகச் சுட்டிருந்த கிழங்கை எடுத்து ஊதி, "மொதல்ல இதைத் தின்னு" என்று அவர் கையில் கொடுத்தார். இருவரும் வேறெதுவும் பேசவில்லை. அந்த ஆண்டு எங்கள் அறுவடையில் ஒரு மூட்டை அவர் வீட்டுக்குப் போயிற்று. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

முடிவாக

பனிக்கால இன்பங்கள் செலவில்லாதவை என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே அது முழு உண்மையன்று என்று தெரிந்துகொண்டேன். அம்மாவின் நகம், அப்பாவின் உறக்கம், சித்தப்பாவின் பாதி வயல் இவையெல்லாம் அதற்குள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் இன்பத்தில் பிறர் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் ஊர் இன்பத்தில் அது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆதலால் ஒரு கவளம் உண்ணும்போதும் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு கேழ்வரகு விதைப்பதா, காவலுக்கு ஆளில்லாமையால் நிலத்தைப் பசுமைக்குடில் ரோஜாவுக்குக் குத்தகைக்கு விடுவதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் குத்தகை என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மார்கழியிலும் கேழ்வரகு கதிர் முற்றி நிற்கிறது. வேலியில் அவரை காய்த்திருக்கிறது. "விடுமுறைக்கு எங்கே?" என்று இம்முறை யாரேனும் கேட்டால் என்னிடம் விடை உண்டு. தோழியரே, தளிக்கு வாருங்கள். பேருந்துக்குக் கட்டணமில்லை. திண்ணையில் இடம் இருக்கிறது. ஆனால் சாப்பிடுமுன் ஆளுக்கு ஒரு படி அவரை பிதுக்கித் தர வேண்டும்!